நோட்டீஸில் உள்ளது உள்ளபடி

1796 ஜூலை 30, சனிக்கிழமை. அன்று சிட்னியில் 'ஜேன் ஷோர்' என்ற சோக நாடகம் நடக்கும், நடுவில் ஒரு நடனம், கடைசியில் ஒரு கேலி நாடகம் என்று ஒற்றைத் தாள் நோட்டீஸ் ஒன்று சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் அச்சடித்தவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காகிதம் அதுதான். இங்கிலாந்திலிருந்து கைதிகளைக் கொண்டுபோய் இறக்கிய குடியேற்றம் அது. தியேட்டரை நடத்திய ராபர்ட் சைடவே கைதியாக வந்து பேக்கரி வைத்தவர். 1788இல் முதல் கப்பல்களோடு வந்த சின்ன அச்சு இயந்திரம், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாமல் பல வருடம் சும்மா கிடந்தது. அப்புறம் ஜார்ஜ் ஹியூஸ் என்பவர் அதில் அரசு உத்தரவுகளை அடிக்க ஆரம்பித்தார். இடையிடையே இந்த மாதிரி நாடக நோட்டீஸும்.

அந்தத் தாள் கிடைத்த இடம்தான் வேடிக்கை. கனடாவின் தேசிய நூலகத்தில், பழைய துண்டுக் காகிதங்களை ஒட்டி வைத்த ஆல்பம் ஒன்றில் இருந்தது. அங்கே பணிபுரிந்த ஒரு நூலகர் கண்ணில் பட, 2007இல் கனடா அதை ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. அலமாரியில்தான் இருந்தது. ஆல்பத்தைத் தேடினால் ஆல்பம் கிடைக்கும், அதற்குள் ஒட்டியிருக்கும் தாளைத் தேட வழி கிடையாது. அவ்வளவுதான் சங்கதி.

இதே சிக்கல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் மலை மாதிரி இருக்கிறது. அங்கே உள்ள நாடக நோட்டீஸ்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு வரை வருகின்றன. தியேட்டர் வாரியாகக் கட்டுக்கட்டாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். நூலக அட்டவணையில் ஒரு கட்டுக்கு ஒரு பதிவு: இன்ன ஊர் தியேட்டர் நோட்டீஸ்கள், இந்த வருடம் முதல் அந்த வருடம் வரை. உள்ளே நூற்றுக்கணக்கான தாள்கள். எந்த நாடகம், யார் நடித்தது, என்றைக்கு, எதுவும் அட்டவணையில் இல்லை. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டும் பெரிய வித்தியாசம் வரவில்லை. முன்பு லண்டனில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும், இப்போது வீட்டில் உட்கார்ந்து புரட்டலாம்.

இதற்காக அந்த நூலகம் 2017 நவம்பரில் 'இன் த ஸ்பாட்லைட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, ஸ்கேன் செய்த நோட்டீஸைப் பார்த்து, அதில் இருப்பதைத் தட்டச்சு செய்து கொடுக்கலாம் என்பது அன்றைய ஏற்பாடு. சம்பளம் கிடையாது, தேர்வு கிடையாது.

இதை ஏன் மனிதர்கள் செய்ய வேண்டும், கணினியே படித்துவிடாதா என்று கேட்கலாம். படிக்கும், ஆனால் எந்த வரி என்ன வரி என்று அதற்குப் பிடிபடாது. அந்தக் காலத்து நோட்டீஸ் ஒன்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். மலிவான காகிதம். பெரும்பாலும் ஒரே ஒரு நாளுக்காக அவசர அவசரமாக அடித்தது. லண்டனின் பெரிய தியேட்டர்களின் வாசலில் ஆரஞ்சுப் பழம் விற்ற பெண்களே இதையும் சேர்த்து விற்றார்கள். பின்பக்கத்து மசி முன்பக்கம் தெரியும். ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு விதமான எழுத்துரு. 1800க்கு முந்தைய தாள்களில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் வரும், அதை ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும்) மென்பொருள் 'எஃப்' என்று வாசித்துவிடும். இதெல்லாம்கூடப் போகட்டும். தாளில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது நாடகத்தின் பெயராக இருக்கலாம். நடிகரின் பெயராகவும் இருக்கலாம், 'கடைசிக்கு முந்தைய இரவு' என்ற அறிவிப்பாகவும் இருக்கலாம். 'ஹேம்லெட்' என்ற சொல் தலைப்பாகவும் வரும், கீழே பாத்திரப் பட்டியலில் ஆள் பெயராகவும் வரும். மனிதனுக்கு ஒரு பார்வையில் விளங்குகிற இந்த வித்தியாசத்துக்குத்தான் தன்னார்வலர் தேவை.

நூலகம் வேலையைத் துண்டு துண்டாக நறுக்கியது. முதலில் ஒருவர் தாளைப் பார்த்து, நாடகத் தலைப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கட்டம் மட்டும் போடுவார். அந்தக் கட்டத்துக்குள் இருப்பதை இன்னொருவர் தட்டச்சு செய்வார். தேதியும் நாடக வகையும் தனித்தனி வேலை. ஒரே துண்டு ஒருவருக்கு மேல் போகும், அவர்கள் எழுதியது ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளப்படும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட ஒரு துண்டை முடித்துவிட முடிந்தது.

புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. துண்டை மட்டும் பார்ப்பவருக்கு முழு நோட்டீஸின் ருசி போய்விடுகிறது. நோட்டீஸில் சுவாரசியமே ஓரங்களில்தான். எந்தக் கதவு வழியாக வர வேண்டும், எத்தனை மணிக்கு மேல் அரை டிக்கெட் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அந்த அரை டிக்கெட் சின்ன விஷயமில்லை. பாதி நாடகத்துக்குப் பிறகு வருபவர்களுக்குப் பாதி விலை என்ற வழக்கத்தை எடுக்கப் போய், 1763இல் லண்டனில் ரசிகர்கள் தியேட்டரை உடைத்தார்கள். 1809இல் கோவென்ட் கார்டன் தியேட்டர் டிக்கெட் விலையை ஏற்றியபோது அறுபதுக்கும் மேற்பட்ட இரவுகள் கூச்சல் போட்டே நாடகத்தைக் கேட்கவிடாமல் செய்து, விலையை இறக்க வைத்தார்கள். அட்டவணைக்குத் தேவைப்படுவது தலைப்பு, தேதி, வகை. படிப்பவனுக்குத் தேவைப்படுவது வேறு.

தேதிக்கு வருவோம். இதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுவார்கள். பல நோட்டீஸ்களில் 'திங்கள் மாலை, ஜனவரி 12' என்று இருக்கும், வருடம் இருக்காது. நாளைக்குக் குப்பைக்குப் போகும் தாளில் வருடம் எதற்கு? சில தாள்களில் சேகரித்தவர் ஓரத்தில் பேனாவால் வருடம் குறித்திருப்பார். அச்சில் இல்லாததை எழுதாதே என்பது இந்த வேலையின் அடிப்படை விதி. வருடத்தை அப்புறம் கண்டுபிடித்துக்கொள்ளலாம், அதற்குக் கிழமை போதும்.

சிட்னி நோட்டீஸில் வருடம் அச்சாகியிருக்கிறது. அந்த மூலை கிழிந்துபோனதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 'சனிக்கிழமை, ஜூலை 30' மட்டும். குடியேற்றமே 1788இல்தான் தொடங்கியது. அதற்குப் பின் ஜூலை 30 சனிக்கிழமையில் விழுந்த வருடங்கள் 1791, 1796, 1803, 1808. சைடவேயின் தியேட்டர் திறந்தது 1796 ஜனவரியில், ஆகவே 1791 இல்லை. சில வருடங்களிலேயே அதை மூடிவிட்டார்கள், எனவே 1808 வரை போக வேண்டியதில்லை. 1803க்கும் 1796க்கும் நடுவில் தீர்ப்பு சொல்ல அச்சு எழுத்து உதவும். இந்தக் கணக்கைப் போடுவது ஆய்வாளர் வேலை. ஆனால் தன்னார்வலர் 'சனிக்கிழமை' என்ற சொல்லை 'எதற்கு இது' என்று விட்டிருந்தால் கணக்கே போட முடியாது. உத்தேசமாக ஒரு வருடத்தை அவரே எழுதி வைத்திருந்தால் இன்னும் மோசம்.

நாடக வகையும் இப்படித்தான். தலைப்புக்குப் பக்கத்தில் சோக நாடகம், கேலி நாடகம், மெலோடிராமா என்று போட்டிருக்கும். 'பர்லெட்டா' என்ற சொல் அடிக்கடி வரும். இசையோடு கூடிய சின்ன நகைச்சுவை என்று அகராதி சொல்லும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் நாடகம் அப்படி இருக்காது. காரணம் சட்டம். 1737 உரிமச் சட்டத்தின் பின்னால் லண்டனில் வசனம் பேசி நடிக்கும் நாடகம் அரச உரிமம் பெற்ற ஓரிரு தியேட்டர்களின் ஏகபோகம். மற்றவர்கள் நடுவில் நாலு பாட்டைச் செருகி, 'பர்லெட்டா' என்று நோட்டீஸில் போட்டுத் தப்பித்தார்கள். 1809இல் ராபர்ட் எலிஸ்டன் 'மெக்பெத்'தையே இசையும் ஊமைக்கூத்துமாக மாற்றி மேடையேற்றினார். 1843இல்தான் இந்த ஏகபோகம் ஒழிந்தது. ஆக, 1830இல் ஒரு நோட்டீஸ் 'பர்லெட்டா' என்று சொன்னால் அது நாடகத்தைப் பற்றிய செய்தியைவிட, தியேட்டர் முதலாளிக்கு இருந்த பயத்தைப் பற்றிய செய்தி. விவரம் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் 'இது பர்லெட்டா இல்லையே, சோக நாடகமாச்சே' என்று திருத்தினால், அந்தப் பயம் அட்டவணையிலிருந்து அழிந்துவிடும்.

பெனிஃபிட் இரவு என்று ஒன்று உண்டு. பருவக் கடைசியில் ஒரு நடிகருக்கு ஒரு இரவை ஒதுக்குவார்கள். செலவு போக மிச்ச வசூல் அவருக்கு. டிக்கெட்டையும் அவரே விற்க வேண்டும், அதனால் அவர் தங்கியிருக்கும் வீட்டு விலாசம் நோட்டீஸிலேயே இருக்கும். எந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த நடிகை வாடகைக்குக் குடியிருந்தாள் என்பது வேறெங்கும் பதிவாகாத தகவல். சிட்னி நோட்டீஸும் இரண்டு பேருக்கான பெனிஃபிட் இரவுதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோட்டீஸ் மெல்ல மடித்த தாளாகி, விளம்பரங்களோடு நிகழ்ச்சி நிரல் புத்தகமாகிவிட்டது. நியூயார்க்கில் 1884இல் ஃபிராங்க் ஸ்ட்ராஸ் என்பவர் தியேட்டர்களுக்கு நிரல் அச்சடிப்பதையே தொழிலாக்கினார். இன்று பிராட்வேயில் கையில் கொடுக்கும் 'பிளேபில்' இதழின் மூலம் அதுதான். இந்த நிரல்களைப் பெயர்த்தெழுதுவது இன்னொரு தினுசான தலைவலி. நியூயார்க் பொது நூலகம் 2011இல் பழைய ஓட்டல் மெனு கார்டுகளைப் பொதுமக்களிடம் கொடுத்தது. மக்கள் விழுந்து விழுந்து தட்டச்சு செய்தார்கள். அந்த நூலகமே பிறகு நாடக நிரல்களையும் அப்படிக் கொடுத்துப் பார்த்தது. மெனுவில் ஒரு பண்டம், ஒரு விலை, முடிந்தது. நிரலில் அப்படியா? இரண்டாம் அங்கத்தில் இந்தப் பாத்திரம், நடித்தவர் இவர், திங்கட்கிழமை மட்டும் மாற்று ஆள், உடை இன்ன கடை, மேடையில் இருக்கும் பியானோ இன்ன கம்பெனி. ஒவ்வொரு தகவலும் இன்னொன்றின் மேல் தொங்குகிறது. எந்தக் கட்டத்துக்குள் எதைப் போடுவது என்று முடிவு செய்வதற்குள் மண்டை காய்ந்துவிடும்.

நிரலில் அச்சான எல்லாம் உண்மையா என்றால், அதுவும் இல்லை. சிகாகோவில் 1903இல் புதிதாகக் கட்டிய இரோக்வா தியேட்டர், தன்னை 'முற்றிலும் தீப்பிடிக்காதது' என்று நிரலில் போட்டுக்கொண்டது. திறந்த ஐந்தாறு வாரத்தில், டிசம்பர் 30 பகல் காட்சியில் தீப்பிடித்து 600 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த நிரலைத் தட்டச்சு செய்பவர் 'முற்றிலும் தீப்பிடிக்காதது' என்றுதான் எழுத வேண்டும். கை கூசும். ஆனாலும் அதுதான் வேலை. நியூயார்க் நிரல்களில் பிறகு தீயணைப்புத் துறையின் அறிவிப்பு ஒன்று வர ஆரம்பித்தது: இப்போதே சுற்றிப் பாருங்கள், பக்கத்தில் இருக்கும் வாசலைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், தீ என்றால் ஓடாமல் நடங்கள். நாடகத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற திட்டத்தில் இந்த நாலு வரி விழவே விழாது.

நம் பக்கத்து நோட்டீஸ்களைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலத் தமிழ் நாடக நோட்டீஸ்கள் இருக்கின்றன. கோட்டையூரில் தனி மனிதராக ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த தொகுப்பின் மேல் எழுந்த நூலகம் அது. அந்தக் காலத்து நோட்டீஸ்களைப் பெயர்த்தெழுத உட்காருபவருக்கு லண்டன்காரருக்கு இல்லாத சில கஷ்டங்கள் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை வடிவங்களை யூனிகோடில் இன்றைய வடிவமாகத்தான் எழுத முடியும். தேதியில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடச் சுழற்சி குறுக்கே நிற்கும். 'துன்மதி வருஷம்' என்றால் 1861ஆ, 1921ஆ, 1981ஆ? காகிதத்தையும் கம்பெனியையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுக்குப் போடும் ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஆள் ஆளாகப் பெயர் போட்டிருக்கும், பெயருக்கு முன்னால் ஊரும் இருக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. அன்றைய மேடைக்கு அன்றைக்குச் சேர்கிற ஆட்கள். அதனால் யார் யாரோடு எப்போது சேர்ந்து நடித்தார்கள் என்பதற்கு அந்த நோட்டீஸைவிட்டால் எழுத்தில் சாட்சி அரிது. இதில் ஊர்ப் பெயரை முகவரி என்று நினைத்து ஒருவர் வெட்டிவிட்டால், ஒரே பெயருள்ள இரண்டு நடிகர்கள் ஒருவராகிவிடுவார்கள்.

பெயரைத் தொடுவதில் இருக்கும் ஆபத்துக்கு ஐரா ஆல்ட்ரிட்ஜைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நியூயார்க்கில் 1807இல் பிறந்த கறுப்பின நடிகர். அங்கே வழி இல்லை என்று கப்பலேறி இங்கிலாந்து போனார். 1825 அக்டோபரில் லண்டன் ராயல் கோபர்க் தியேட்டர் (இன்றைய ஓல்ட் விக்) அவரை மேடையேற்றியபோது நோட்டீஸில் ஆல்ட்ரிட்ஜ் என்ற பெயரே இல்லை. 'மிஸ்டர் கீன்' என்று போட்டார்கள். அன்றைக்கு இங்கிலாந்தின் ஆகப் பெரிய சோக நடிகர் எட்மண்ட் கீன். உச்சரிப்பு ஒன்று, ஆங்கில எழுத்தில் மட்டும் சின்ன வித்தியாசம். பெரியவர் பெயரை ஒட்டி ஒரு பெயர் வைத்துக்கொள்வது நடிகர்களிடம் புதிதல்ல. பிறகு அவர் ஊர் ஊராக வருடக்கணக்கில் சுற்றினார். எந்த மாதம் எந்த ஊர், என்ன வேடம் என்று தடம் பிடிக்க நோட்டீஸ்கள்தான் பெரிய துணை.

இப்போது ஒரு தன்னார்வலரை நினைத்துப் பாருங்கள். கட்டத்துக்குள் 'கீன்' இருக்கிறது. எழுத்து கொஞ்சம் வேறு மாதிரி. அச்சுப் பிழை போலிருக்கிறது, புகழ்பெற்ற கீன்தானே என்று நல்லெண்ணத்தில் திருத்திவிடுகிறார். அடுத்தவரும் படித்தவர், அவரும் அப்படியே செய்கிறார். இரண்டும் ஒத்துப்போகிறது. கணினி ஏற்றுக்கொள்கிறது. ஆல்ட்ரிட்ஜ் ஒரு ஊரிலிருந்து காணாமல் போய்விட்டார். இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. கண் மங்கியவர் செய்யும் பிழையை இந்த ஏற்பாடு பிடித்துவிடும். விஷயம் தெரிந்தவர் செய்யும் பிழை அதில் சிக்காது.

இரண்டு கீன்களும் கடைசியில் ஒரே மேடையில் வந்து முட்டினார்கள். 1833 மார்ச் 25, கோவென்ட் கார்டன். 'ஒதெல்லோ'. ஒதெல்லோவாக எட்மண்ட் கீன், இயாகோவாக அவர் மகன் சார்லஸ். நடுவில் மேடையிலேயே கீன் மகனின் கைகளில் சரிந்தார். அதற்குப் பிறகு அவர் நடிக்கவே இல்லை, மே மாதம் இறந்துபோனார். ஏப்ரல் 10 அன்று அதே மேடையில் அதே வேடத்தில் ஆல்ட்ரிட்ஜ் வந்தார், இந்த முறை ஆல்ட்ரிட்ஜ் என்ற சொந்தப் பெயரோடு. பத்திரிகைகள் சில மிக மோசமாக எழுதின. இரண்டே இரவுகள், அதோடு அந்த மேடை அவருக்கு மூடிக்கொண்டது. பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கி, 1867இல் போலந்தின் வூட்ஜ் நகரத்தில் ஒரு சுற்றுப்பயணத்தின் நடுவே இறந்தார்.

மார்ச் 25 நோட்டீஸ் முந்தியே அச்சாகிவிட்டது. அதைத் தட்டச்சு செய்பவர் ஒதெல்லோ என்ற கட்டத்துக்கு நேரே எட்மண்ட் கீன் என்று எழுத வேண்டும். மூன்றாம் அங்கத்தில் விழுந்தார், மிச்சத்தை வேறொருவர் நடித்து முடித்தார் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.